சின்னத்தம்பி மாமாவின் பின்சக்கரம்

என் அக்காள் ராசம்மாவின் புருஷன் சின்னத்தம்பியிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. நாம் பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். முடித்ததும், முதலில் தான் சொன்னதையே அட்சரம் பிசகாமல் மறுபடி சொல்வார். நமக்குத்தான் அலுத்துப்போகும். எனக்கு அந்தக் குணத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் ஒரு சைக்கிள் சக்கரத்துக்கு ஹப்பு, அதாவது நடுக்குடம், தேடி அலைந்த அந்த ஒரு மாதம், நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே நானும் அலைந்தேன்.

மாமா ஏழெட்டு வயதில் அப்பன் ஆத்தாளோடு நாகப்பட்டினத்திலிருந்து இந்த ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். அவர்கள் இரண்டு பேரும் யோங் பெங் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டிலேயே அடங்கிவிட்டார்கள். யாராவது "உங்க ஊரு எது" என்று கேட்டால் "நாலாம் நம்பர் லயம்" என்று தோட்டத்து வரிசை வீட்டைச் சொல்வார். கேலிக்காகச் சொல்வதில்லை. அவருக்கு வேறு ஊர் நினைவிலேயே இல்லை.

ரப்பர் விலை படுபாதாளத்துக்குப் போன வருஷம் அது. ஸ்டோரில் ரப்பர் ஷீட் போடும் மெஷினில் அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் உயிரைக் காப்பாற்றினார். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டைவிரல் ஒன்றுதான் மிஞ்சியது. பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க அது போதாது. தோட்டங்களெல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம். வேலைக்கு ஆகாதவர்களைக் குடும்பத்தோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் நீங்களும் போகிறீர்கள் என்று ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அக்காள் அழுதாள். பிள்ளைகள் இரண்டும் கப்பல் பார்க்கப் போகிறோம் என்று குதித்தன. மாமா மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "நான் போகமாட்டேன்" என்றார்.

"அவங்க ஏத்திவிட்டா என்னா செய்வீங்க?" என்றேன்.

"நான் போகமாட்டேன் வேலு. அங்க எனக்கு யாரு இருக்கா? எந்தத் தெருவுல எறங்கி யாரு வூட்டுக் கதவத் தட்டுறது?"



தோட்டத்துத் தப்பால்காரர் முந்தின கூட்டத்தோடு தானாகவே ஊருக்குப் போயிருந்தார். தினமும் காலையில் சைக்கிளில் யோங் பெங் போய், தபால் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு வர வேண்டிய வேலை. மாமா நேராக ஆபீசுக்குப் போய் வெள்ளைக்காரத் துரையிடம் அந்த வேலையைக் கேட்டார். துரை அவருடைய கையைப் பார்த்தார். கங்காணிகளிடம் கற்றுக்கொண்ட தமிழில், "கை ஒண்ணு. பிரேக்கு ரெண்டு. ஆஸ்பத்திரி மேட்டுல எப்படி எறங்குவே?" என்றார்.

நியாயமான கேள்விதான். லயங்களிலிருந்து யோங் பெங் போக ஆஸ்பத்திரி மேட்டில் இறங்கியாக வேண்டும். செம்மண் சாலை. செங்குத்தான இறக்கம். அடியில் ஓடையின்மேல் பலகைப் பாலம். அதற்குக் கைப்பிடிகூட இல்லை. மழை பெய்தால் இரண்டு கை முழுசாக உள்ளவர்களே அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

"நிறுத்திக் காட்டுறேன் தொரே" என்றார் மாமா.

துரை ஆயுதபூஜைக்கு மறுநாளைக் குறித்தார். அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் தான் பாலத்தில் வந்து நிற்பதாகவும், பை நிறையச் சுமையோடு மேட்டிலிருந்து இறங்கிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்றும், நின்றால் வேலை, நிற்காவிட்டால் கப்பல் என்றும் சொன்னார். கப்பல் அதற்கு அடுத்த வாரம்.

மாமாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. இருந்தது என்றால் முக்கால்வாசி இருந்தது. பழைய டிரசர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனது. லாரி ஏறிப் பின்சக்கரம் அப்பளமாகிவிட்டது. புதுச் சக்கரம் கட்டினால்தான் ஓடும். அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் யோங் பெங் முச்சந்தியில் இருந்த கபீர் பாய் கடைக்குப் போனோம்.

கபீர் பாய் தொண்டிக்காரர். கடை என்றால் ஒரு தகரக்கொட்டகை, நடுவில் கட்டையில் பதித்த ஒரு பெரிய இடுக்கி, சுற்றிலும் கூரையிலிருந்து தொங்கும் சக்கரங்கள். வாயில் எப்போதும் வெற்றிலை. மாமாவின் கையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஃப்ரீவீல் ஹப்பு போட்டுத் தரேன். ஒசத்தியா ஒரு கைப்பிரேக்கு மாட்டிக்க. ஊரே அதுலதான் ஓட்டுது" என்றார்.

"மழையில ரிம்மு நனைஞ்சா கைப்பிரேக்கு வழுக்கும் பாய். அப்ப ரெண்டு கையும் போட்டு அமுக்கணும். எனக்கு இருக்கிறதே ஒண்ணரை."

"அப்பக் கெட்டிப்பல்லு போடு. ஹப்போட சேந்து செயின் பல்லும் சுத்தும். காலை நிறுத்துனா சக்கரம் நிக்கும். பிரேக்கே வேணாம்."

கடையில் கெட்டிப்பல் ஹப்பு வைத்துக் கட்டிய பழைய சக்கரம் ஒன்று இருந்தது. பழகிப் பார்க்கக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா அதை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டுக்குப் போனார். பாதி இறக்கம்வரை மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாகத்தான் இறங்கினார். அதற்குக் கீழே அவர் சக்கரத்தை ஓட்டவில்லை. சக்கரம் அவருடைய காலை ஓட்டியது. பெடல் சுழன்ற வேகத்தில் கால் நழுவியது. நழுவிய காலைப் பெடல் தேடி வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. கைலி செயினில் மாட்டிக்கொண்டது. ஃப்ரீவீலாக இருந்தால் செயின் அங்கேயே நின்றிருக்கும். கெட்டிப்பல் நிற்குமா? கைலியைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டே போனது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமா கோவணத்தோடு லாலான் புல்லில் கிடந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது ஆகாது. வேற ஹப்பு பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

மறுபடியும் கபீர் பாய் கடை. இந்த முறை பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, கொட்டகையின் மூலையில் ஒரு மரப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பழைய சாமான்களுக்கு நடுவில் இரண்டு ஹப்புகள் உருண்டன. இரண்டும் பின்மிதி ஹப்புகள். சிங்கப்பூரில் ஏலத்தில் எடுத்தவை. முன்னால் மிதித்தால் ஓடும். மிதிக்காமல் விட்டால் தானாக உருளும். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் குடத்துக்குள்ளேயே இருக்கும் பித்தளைக் கட்டை விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

"கைக்கு வேலையே இல்ல" என்றார் பாய்.

மாமா அந்த வார்த்தையைக் கேட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஹப்பையும் இடது கையில் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. கம்பி கோக்க நாற்பது ஓட்டை. கடையில் தொங்கிய ரிம்மெல்லாம் நாற்பது ஓட்டைதான். அன்று மாலைக்குள்ளேயே சக்கரம் கட்டிவிடலாம். இன்னொன்று துரு ஏறிக் கறுத்திருந்தது. அதற்கு முப்பத்தாறு ஓட்டை. அதற்கேற்ற ரிம் யோங் பெங்கிலேயே கிடையாது.

நானாக இருந்தால் பளபளப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மாமா, "நிறுத்துதான்னு பாக்கணும்" என்றார். பாயின் இடுக்கியில் ஹப்பின் அச்சை நெருக்கிப் பிடிக்கச் சொன்னார். பல்லில் ஒரு துண்டுச் செயினைச் சுற்றி, அதன் நுனியில் பின்பக்கமாக இழுக்கும்படி ஒரு பால்வாளியைத் தொங்கவிட்டு, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கால் பின்னால் மிதிக்கிற மிதிக்குப் பதிலாக அந்த வாளி. பிறகு என்னிடம், "வேலு, குடத்தைப் புடிச்சுத் திருப்பு" என்றார்.

பளபளப்பான ஹப்பைத் திருப்பினேன். முதலில் நின்றது. முக்கித் திருப்பினேன், நறநறவென்று ஓசையோடு நகர்ந்தது. கறுப்பு ஹப்பை மாட்டினோம். இரண்டு கையாலும் பிடித்து, காலை இடுக்கியில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருப்பினேன். கபீர் பாயும் கூட வந்து பிடித்தார். இம்மி அசையவில்லை.

"இதுதான்" என்றார் மாமா.

"அலமாக், ரிம்முக்கு எங்கப்பா போறது?" என்று மலாய்க்காரர் மாதிரி அலுத்துக்கொண்டார் பாய். "வேணும்னா நாப்பது ரிம்முல நாலு ஓட்டையச் சும்மா விட்டுட்டுக் கோத்துத் தரட்டுமா?"

"சும்மா விட்ட எடத்துல சக்கரம் நெளியாதா?"

பாய் பொய் சொல்கிறவர் அல்ல. "நெளியத்தான் செய்யும்" என்றார்.

"அப்ப சிங்கப்பூருல இருந்து வரவழைங்க. ஹப்பு இதுதான். ரிம்மு அதுக்குத் தக்கனதா வரட்டும்."

ஒற்றைக் காலில் நின்றார். லாரிக்காரரிடம் சொல்லி ரிம் எடுத்துவர பாய் ஒப்புக்கொண்டார். அவருடைய மகள் ரம்ஜான் பீவிக்கு அந்த மாதம் நிக்காஹ். விருந்துக்கு நல்ல கிடா ஒன்று தேடிக்கொண்டிருந்தார். மாமாவின் வீட்டில் நல்ல கிடா ஒன்று இருந்தது. ஹப்பு, ரிம், கம்பி, கட்டுகூலி எல்லாவற்றுக்கும் அந்தக் கிடா என்று மாமா அங்கேயே பேசி முடித்துவிட்டார்.

 அது சும்மா கிடா இல்லை. கை சிக்கிய அன்று, "இவரு உயிரு நின்னா ஒனக்குக் கிடா வெட்டுறேன்" என்று அக்காள் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா.

மாமா அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போன அன்று லயமே இரண்டுபட்டது. சாமி சொத்தைக் கொண்டுபோய் நிக்காஹ் விருந்துக்குக் கொடுப்பதா என்று கரையாய்க் கரைந்தார்கள். அக்காள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குப் பயமே இல்லையா? சாமிக்கு நேந்தத எடுத்துட்டா என்னா ஆவும்?"

"சாமிக்கு அடுத்த வருசம் வெட்டுறேன் ராசம்மா. நாம இங்க இருந்தாத்தான வெட்ட முடியும்? கப்பலேறிட்டா முனியாண்டிக்கு ஆரு வந்து கிடா குடுப்பா?"

அக்காள் வாசலை விட்டு நகர்ந்தாள். கடைசியில், "சக்கரத்தையாச்சும் ஆயுதபூசையில வெச்சு எடுங்க. அதுக்கும் மாட்டேன்னா நான் கப்பல்லயே போயிடுறேன்" என்றாள். மாமா சரி என்றார். அடுத்தவர் சொன்னதற்கு அவர் சரி என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ரிம் வந்தது. கபீர் பாய் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து சக்கரம் கட்டினார். ஒவ்வொரு கம்பியையும் சுண்டிச் சுண்டிக் காதில் கேட்டு முறுக்கினார். ஹப்பின் பக்கத்தில் இருக்கிற இரும்புக் கையை ஃப்ரேமோடு சேர்த்து இறுக்கினார். ஹப்பில் சின்ன மூடி போட்ட துளை ஒன்று இருந்தது. "இதுல எப்பவாச்சும் ஒரு சொட்டு எண்ணெ வுடு போதும். ரொம்ப வுட்டா உள்ள கட்டை வழுக்கிப்புடும்" என்று எச்சரித்தார். ஆயுதபூஜை அன்று மத்தியானம் மாமா மேட்டில் இறங்கிப் பார்த்தார். பின்னால் ஒரு மிதி. சக்கரம் சொன்ன இடத்தில் நின்றது. நான் கைதட்டினேன். நாளைக் காலை துரை வந்து பார்க்கட்டும் என்று எனக்கே மீசை துடித்தது.

சாயங்காலம் முனியாண்டி மேடையில் பூஜை. பால்வெட்டுக் கத்திகள், வாளிகள், மண்வெட்டிகள் எல்லாம் கழுவி எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார்கள். நடுவில் மாமாவின் சைக்கிள். கிடாயைக் கொடுத்துவிட்டவர் சாமி முன்னால் வரக் கூடாது என்று காளியப்பன் கங்காணி சொன்னதால் மாமா தள்ளி ரோட்டோரமாக நின்றார். அவர் துணைக்கு நானும் நின்றேன்.

கங்காணி வாயில்தான் கடுமை. மாமா கண்ணில் படாத இடத்தில் அவர்தான் முதலில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, கத்திக்கு விடுவது போலவே ஹப்பின் துளையிலும் விட்டிருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் வெள்ளையம்மா கிழவி. அப்புறம் கிடாய்க்காகச் சண்டை போட்டவர்கள் ஒவ்வொருவராக. "சின்னத்தம்பி நிக்கணும் சாமி" என்று சொல்லிச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. அதனால் அன்று இரவு மாமாவும் தொடவில்லை.

விடிந்ததும் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தார்கள். சக்கரம் உருள உருள மண்ணில் சொட்டுச் சொட்டாக எண்ணெய்க் கோடு விழுந்தது. மாமா பாய்ந்து உட்கார்ந்து பின்பக்கம் மிதித்தார். சக்கரம் ஏதோ அவர் மிதிக்கவே இல்லாதது போல உருண்டுகொண்டு போனது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கங்காணியைத் தேடிப்போய் அடிக்கலாம் போல இருந்தது. "மாமா, பாய்கிட்டப் போயி கழட்டிக் கழுவிட்டு வந்துடலாம்" என்றேன்.

"அதுக்குள்ள தொரை போயிடுவான்."

"இதுல எறங்கினா ஓடையிலதான் விழுவீங்க."

அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, "மேல இருந்தே மிதிச்சுக்கிட்டு எறங்குறேன். உள்ள சூடாவும். எண்ணெ எரிஞ்சா கட்டை புடிக்கும்" என்றார். தபாலுக்குப் பதிலாக ஈரமணல் நிரப்பிய பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இடது கை கைப்பிடியில். வலது கையின் மிச்சத்தை அதன்மேல் சும்மா வைத்துக்கொண்டார்.

கீழே துரை பாலத்தின் நடுவில் நின்றார். பக்கத்தில் கங்காணி. ஓரமாக அக்காள், பிள்ளைகளோடு. நான் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினேன். மாமா உச்சியிலேயே பெடலைப் பின்னால் அழுத்திவிட்டார். ஆனாலும் வேகம் ஏறிக்கொண்டேதான் போனது. பாதி மேட்டில் ஹப்பிலிருந்து புகை கிளம்பியது. பலகாரம் சுடுகிற மாதிரி தேங்காயெண்ணெய் வாசனை. வேகம் குறைந்தது. குறைந்தது, ஆனால் போதவில்லை. துரை குதித்து ஒதுங்கினார். சைக்கிள் பலகைகள்மேல் தடதடவென்று ஓடி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. மாமா விழவில்லை.

துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் சொன்னது இந்தப் பக்கம்" என்றார்.

அக்காள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கங்காணி மேட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எங்கள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மாமா யாரையும் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பிப் பாலத்தைக் கடந்து, துரையைத் தாண்டி, மணல் பையோடு மேட்டில் தள்ளிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.

"ஏய், போதும்" என்றார் துரை.

மாமாவின் காதில் விழாமல் இருக்க வழியில்லை. ஏறிக்கொண்டே இருந்தார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் போகவில்லை. நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன். ஹப்பு கொதித்தது; பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. உச்சியில் அவர் பின்பெடலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சக்கரம் கெட்டியாக நின்றது. மாமாவின் வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

இரண்டாம் தடவை நான் பின்னால் ஓடவில்லை. உச்சியில் நின்று பார்த்தேன். பாதி மேடுவரை சும்மா உருளவிட்டார். அப்புறம் அழுத்தினார். பின்சக்கரம் செம்மண்ணில் ஒரு நீளக் கோடு கிழித்தது. பாலத்தின் முதல் பலகைக்கு முன்னால், துரையின் பூட்ஸிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

நான் கீழே வந்து சேர்வதற்குள் மாமா பையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து மணலை ரோட்டோரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். உதறினார். வெறும் பையைத் தோளில் மாட்டினார். துரையைப் பார்த்து ஒரு சலாம் போட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து யோங் பெங் பக்கமாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் எங்கே போறான்?" என்று கங்காணியைக் கேட்டார்.

"தப்பால் எடுக்கத்தான் தொரே."

"நான் இன்னும் வேலை குடுக்கலே."

 அதுவரை துரையிடம் ஒரு வார்த்தை பேசியிராத என் அக்காள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே, "அவரு போயிட்டாரு தொரே" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே பலகையில் உட்கார்ந்து, லயத்துக்கே கேட்கும்படி அழுதாள்.

துரை சாலையைப் பார்த்தார். சைக்கிள் கண்ணுக்கு மறைந்துவிட்டது. "பத்து மணிக்கு எனக்குத் தப்பால் வரணும்" என்று சொல்லிவிட்டு ஆபீசைப் பார்த்து நடந்தார்.

பத்து அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.